ஏடிசியின் வாசலில் யாரை நிறுத்துவது: டிரான்ஸ்ஃபார்மரா, வேறுபாட்டுப் பெருக்கியா?

ஸ்லோவேனியாவில் உருவான ரெட் பிட்டாயா என்ற உள்ளங்கை அளவு அளவீட்டு போர்டைக் கல்லூரி ஆய்வகங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் 125-14 என்று ஒரு வகை, 122-16 என்று இன்னொரு வகை. முதலாவது 14 பிட், வினாடிக்கு 12.5 கோடி மாதிரிகள். இரண்டாவது 16 பிட், வினாடிக்கு 12.288 கோடி மாதிரிகள். இரண்டிலும் நடுவே உட்கார்ந்திருப்பது ஜிங்க் (Zynq) என்ற செயலிக் குடும்பத்துச் சிப்தான். ஆனால் உள்ளீட்டு விவரத்தைப் படித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போலத் தெரியும். 125-14இன் உள்ளீடு 1 மெகாஓம். டிசியில் (மாறாத மின்னழுத்தத்தில்) தொடங்கி 50, 60 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. 122-16இன் உள்ளீடு 50 ஓம். 300 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் நுழையாது, மேலேயோ 550 மெகாஹெர்ட்ஸ் வரை கதவு திறந்திருக்கிறது.

முதலாவது ஓசிலாஸ்கோப்பாக வேலை செய்யப் பிறந்தது, இரண்டாவது ரேடியோவாக. அந்த வேற்றுமை ஏடிசியில், அதாவது அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் சிப்பில், தொடங்கவில்லை. ஏடிசிக்கு முன்னால், அதன் வாசலில் என்ன நிற்கிறது என்பதில் தொடங்குகிறது. அதிவேக ஏடிசி ஒன்றை வைத்து போர்டு வடிவமைக்கும் எவரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் கேள்வி இது. பலர் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே, கடைப்பட்டியலில் பட்டை அகலம் (கையாளும் அதிர்வெண் வரம்பு) அதிகமாக உள்ள வேறுபாட்டுப் பெருக்கியை வாங்கிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாங்கினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சிக்கல் இதுதான். இன்றைய வேகமான ஏடிசிகளின் உள்ளீடு இரண்டு கால்கள் கொண்டது. ஒன்று மேலே போகும்போது மற்றது அதே அளவு கீழே வர வேண்டும். இரண்டுக்கும் நடுமட்டமாக ஒரு பொது மின்னழுத்தம் இருக்க வேண்டும், 1.8 வோல்ட் ஏடிசிகளில் பெரும்பாலும் 0.9 வோல்ட். நமது சிக்னலோ பிஎன்சி இணைப்பில் ஒற்றைக் கம்பியாக, கிரவுண்டைச் சுற்றி ஆடிக்கொண்டு வருகிறது. ஒன்றை இரண்டாக்க வேண்டும், நடுமட்டத்தை உயர்த்த வேண்டும், அதற்குள் இரைச்சலும் திரிபும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வேறுபாட்டுப் பெருக்கி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. இரண்டு கம்பிகளில் வந்த சிக்னலின் வித்தியாசத்தை எடுத்து ஒற்றைக் கம்பியில் தருவது ஒரு வகை. ஏடி8130 அப்படிப்பட்டது, நீளமான முறுக்குக் கம்பியின் மறுமுனையில் வீடியோவை மீட்டெடுக்கக் கொண்டாடப்பட்ட சிப். நமக்கு வேண்டியது மற்ற வகை: வெளியீடும் இரண்டு கம்பியாக உள்ள முழு வேறுபாட்டுப் பெருக்கி. இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதான்: உமிழிகளை ஒன்றாகக் கட்டிய டிரான்சிஸ்டர் ஜோடி. அதற்கும் முந்தைய வெற்றிடக் குழாய் வடிவத்துக்கு 1936இல் ஆலன் பிளம்லைன் பிரிட்டனில் காப்புரிமை கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டதும் நமக்குத் தேவைப்படுவதே: இரண்டு கம்பிகளிலும் சேர்ந்து வரும் குப்பையைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வது.

ஒற்றைக் கம்பியை ஏடிசியின் ஒரு காலில் நேரடியாகக் கட்டி, மற்றக் காலைப் பொது மின்னழுத்தத்தில் நிறுத்திவிடலாமே என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். கட்டலாம், வேலையும் செய்யும். ஆனால் ஒரே கால் முழு ஆட்டத்தையும் ஆட வேண்டியிருக்கும். அல்லது பாதி அளவோடு திருப்திப்பட்டு 6 டெசிபெல்லை இழக்க வேண்டும். இரண்டாம் ஹார்மோனிக், அதாவது சிக்னலின் இரு மடங்கு அதிர்வெண்ணில் பிறக்கும் திரிபு, தலைதூக்கும். 8 பிட்டுக்கு இது போதும். 14 பிட் ஏடிசியை விலை கொடுத்து வாங்கிவிட்டு இப்படிக் கட்டுவது, புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதைப் போன்றது.

இனி உண்மையான போட்டியாளர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்

ரேடியோ அதிர்வெண் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மிளகளவு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுக் கம்பி, அவ்வளவுதான். மின்சாரம் குடிக்காது, தானாக இரைச்சல் எழுப்பாது, ஊசலாடாது. ஒரு பக்கம் ஒற்றைக் கம்பி. மறுபக்கச் சுருளின் இரு முனைகள் ஏடிசிக்கு. நடு முனையில் 0.9 வோல்ட்டைக் கட்டினால் நடுமட்டப் பிரச்சினையும் தீர்ந்தது. உள்ளே வரும் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் பிரிந்துவிடுவதால், பக்கத்து மேசைப் பவர் சப்ளையின் ஹம் உள்ளே வராது. 1:4 மின்மறுப்பு விகிதம் கொண்டதை எடுத்தால் மின்னழுத்தம் இரு மடங்காகும். 6 டெசிபெல் பெருக்கம், ஒரு பைசா இரைச்சல் சேராமல். எந்தப் பெருக்கியாலும் இதைச் செய்ய முடியாது.

ஆனால் 1:4 எடுத்தால் 50 ஓம் மூலம், ஏடிசியின் பக்கமிருந்து பார்க்க 200 ஓம் ஆகிவிடுகிறது. இது ஏன் முக்கியம்? ஏடிசி ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் உள்ளே இருக்கும் சிறு மின்தேக்கி, உள்ளீட்டுக் கால்களில் ஒரு மின்னூட்ட உதையைக் கொடுக்கிறது. அந்த உதை அடங்க மூலத்தின் மின்மறுப்பு குறைவாக இருப்பது நல்லது. ஆகவே சும்மா கிடைத்த 6 டெசிபெல் முழுவதும் சும்மா கிடைத்ததல்ல.

இரண்டாவது குறை, உயர் அதிர்வெண்ணில் வரும் சமநிலைக் குலைவு. சுருள்களுக்கு இடையில் ஒட்டுண்ணி மின்தேக்கம் இருக்கிறது. முதன்மைச் சுருளின் ஒரு முனை கிரவுண்டில் இருப்பதால், அந்த மின்தேக்கம் இரண்டு வெளியீடுகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும்போது ஒரு கால் மற்றதைவிடச் சில டிகிரி முந்தவோ பிந்தவோ செய்யும். இரண்டாம் ஹார்மோனிக் வெளியே வரும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை அடுத்தடுத்து வைத்தால் முதலாவது விட்ட பிழையை இரண்டாவது பெருமளவு சரிசெய்துவிடும். உயர் இடைநிலை அதிர்வெண் ரிசீவர்களில் இரட்டையாக நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பார்த்தால் காரணம் இதுதான்.

மூன்றாவது குறையைத் தாண்டவே முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாக டிசி போகாது. டிசி மட்டுமா, அதன் கீழ் எல்லைக்கு அருகில் வரும் எதுவும் ஒழுங்காகப் போகாது. சுருளின் தூண்டம் போதாமல் சிக்னல் தேய்கிறது, ஃபெரைட் உட்கரு செறிவை நெருங்கி மூன்றாம் ஹார்மோனிக் ஏறுகிறது. ஆகவே கீழ் எல்லை 400 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் நான் 2 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் அதை நம்புவேன்.

"எனக்கு டிசி வேண்டாம், துடிப்புகள் மட்டும்தான்" என்று சொல்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். ஒளி உணரியிலிருந்து 50 நானோவினாடி அகலமுள்ள துடிப்புகள் வருகின்றன என்று வையுங்கள். துடிப்பு வேகமானது, டிரான்ஸ்ஃபார்மரோ தொடர் மின்தேக்கியோ போதும் என்று தோன்றும். வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் வந்தால், மொத்த நேரத்தில் 5 சதவீதம் சிக்னல் மேலே இருக்கிறது. டிசி போகாத பாதையில் சராசரி சுழியமாகியே தீர வேண்டும். எனவே 1 வோல்ட் துடிப்புகளுக்குக் கீழே உள்ள தரைமட்டம் 50 மில்லிவோல்ட் கீழிறங்கிவிடும். 2 வோல்ட் வீச்சுள்ள 14 பிட் ஏடிசியில் இது 410 படிகளுக்கு அருகில். துடிப்புகளின் வருகை விகிதம் மாறினால் தரைமட்டமும் மாறும். துடிப்பின் உயரத்தை வைத்து ஆற்றலைக் கணக்கிடுபவருக்கு, அளவுகோலே ரப்பராகிவிட்ட கதை இது. மென்பொருளில் திருத்தலாம் என்பார்கள். திருத்தலாம்; ஆனால் இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும்போது அந்தத் திருத்தத்தை நம்பி உட்கார்ந்திருக்க எனக்கு மனமில்லை.

முழு வேறுபாட்டுப் பெருக்கி

டிசி வேண்டும் என்றவுடன் டிரான்ஸ்ஃபார்மர் ஆட்டத்திலிருந்து வெளியேறுகிறது. அங்கேதான் முழு வேறுபாட்டுப் பெருக்கியின் வேலை தொடங்குகிறது. அதன் உள்ளே இரண்டு பின்னூட்டங்கள் ஓடுகின்றன. ஒன்று நாம் வெளியே போடும் நான்கு மின்தடைகள் வழியாக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துகிறது. மற்றது சிப்புக்குள்ளேயே இருந்துகொண்டு, இரண்டு வெளியீடுகளின் சராசரியை நாம் ஒரு காலில் தரும் பொது மின்னழுத்தத்தோடு ஒட்டவைக்கிறது. ஏடிசியின் 0.9 வோல்ட்டை அந்தக் காலில் கொண்டுவந்து கொடுத்தால் நடுமட்டம் தானாக அமர்ந்துவிடும். ஒற்றைக் கம்பியில் சிக்னல் வந்தாலும் இரண்டு வெளியீடுகளும் கண்ணாடிப் பிம்பங்களாக ஆடும். அந்தச் சமநிலையைக் காப்பது உள்ளே இருக்கும் கட்டுப்பாடுதான், நமது மின்தடைகள் அல்ல.

அதற்காக மலிவு மின்தடை போடலாம் என்று எண்ண வேண்டாம். வெளியீட்டுச் சமநிலை கெடாமல் இருந்தாலும், உள்ளீட்டில் பொதுவாக வரும் குப்பை வித்தியாசமாக மாறிவிடும். பெருக்கம் 1 ஆக உள்ள சுற்றில் 1 சதவீத மின்தடைகளைப் போட்டால், மோசமான நிலையில் 34 டெசிபெல் அளவுக்குத்தான் குப்பையைத் தள்ளும். 0.1 சதவீத மின்தடைகளில் அது 54 ஆகும்.

மின்தடைக் கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பின்னூட்ட மின்தடையும் உள்ளீட்டு மின்தடையும் 200 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கம்பியில் ஓட்டும்போது உள்ளீட்டு மின்மறுப்பு 200 ஓம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது 267 ஓம். எதிர்ப் பக்கத்து வெளியீட்டின் ஒரு பங்கு பெருக்கியின் உள்ளீட்டுக் கால்களையும் சேர்த்து ஆட்டுவதால், மின்தடையின் குறுக்கே விழும் மின்னழுத்தம் குறைந்து, ஓடும் மின்னோட்டமும் குறைகிறது. 50 ஓம் கேபிளுக்குப் பொருத்தம் வேண்டுமானால் குறுக்கே 61.5 ஓம் போட வேண்டும். போட்டவுடன் அந்தப் பக்கத்தில் 50உம் 61.5உம் இணையாகச் சேர்ந்து 27.6 ஓம் கூடுகிறது. மறுபக்கம் அது இல்லாததால் சமநிலை போய்விட்டது. ஆகவே கிரவுண்டில் கட்டிய பக்கத்திலும் 27.6 ஓம்முக்கு நெருக்கமான ஒன்றைத் தொடராகச் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் கூடியதால் பெருக்கம் குறைகிறது. அதை மீட்கப் பின்னூட்ட மின்தடையை 206 ஓம் ஆக்க வேண்டும். நான்கு மின்தடைக்கு இத்தனை பேரமா என்று சலிப்பு வரும். முதல் போர்டில் இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் இரண்டாவது போர்டில் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

அடுத்து, பவர் சப்ளை. முழு வீச்சு 2 வோல்ட், நடுமட்டம் 0.9 என்றால் ஒவ்வொரு வெளியீடும் 0.4 முதல் 1.4 வோல்ட் வரை ஆடும். பெருக்கியின் உள்ளீட்டுக் கால்கள் அதில் பாதியில், 0.2 முதல் 0.7 வரை ஆடும். இந்த எண்கள் கிரவுண்டை எவ்வளவு உரசிக்கொண்டு போகின்றன பாருங்கள். வெளியீடு இருபுற விளிம்பையும் தொடக்கூடியதாகவும், உள்ளீடு கீழ் விளிம்பை ஏற்பதாகவும் உள்ள சிப் என்றால் ஒற்றை 3.3 வோல்ட்டில் சமாளிக்கலாம். டிஎச்எஸ்4541 அப்படிப்பட்டது. பழைய தலைமுறைச் சிப்புகள் பலவற்றுக்கு விளிம்பிலிருந்து ஒரு வோல்ட் விலகல் வேண்டும். அவற்றுக்கு எதிர்மறை சப்ளை ஒன்றும் தேவைப்படும். போர்டில் 3.3 வோல்ட் மட்டும் வைத்துக்கொண்டு, பட்டை அகலத்தை மட்டும் பார்த்துச் சிப்பை வாங்கியவர்களின் பெருக்கி கீழ்ப்பக்கத்தில் வெட்டிக்கொண்டு நிற்கும். டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தில் இந்த விவரம் கொட்டை எழுத்தில் இருப்பதில்லை.

இரைச்சல் கணக்கை ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 16 பிட் ஏடிசி ஒன்றின் சிக்னல்-இரைச்சல் விகிதம் 76 டெசிபெல், முழு வீச்சு 2 வோல்ட் என்றால், அதன் சொந்த இரைச்சல் 112 மைக்ரோவோல்ட். பெருக்கியின் உள்ளீட்டு இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 2.2 நானோவோல்ட். பெருக்கம் 1 என்றாலும் இரைச்சலுக்கான பெருக்கம் 2. ஆகவே வெளியே 4.4. நான்கு 200 ஓம் மின்தடைகள் சேர்ந்து 3.6. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், சில்லறையையும் சேர்த்து 5.7 நானோவோல்ட். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் பெருக்கியின் பட்டை அகலம் 500 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதற்கும் ஏடிசிக்கும் நடுவில் எதுவும் இல்லையென்றால், அந்த அகலம் முழுவதிலுமுள்ள இரைச்சல், மாதிரி எடுக்கும்போது மடங்கி நமது பட்டைக்குள் வந்து விழும். 160 மைக்ரோவோல்ட். ஏடிசியின் இரைச்சலைவிடப் பெருக்கியின் இரைச்சல் அதிகமாகிவிட்டது. 76 டெசிபெல் 71 ஆக இறங்கிவிடும். கிட்டத்தட்ட ஒரு பிட்டைக் குப்பையில் போட்டாயிற்று.

அதே பெருக்கிக்குப் பின்னால் 40 மெகாஹெர்ட்ஸில் ஒரு எளிய வடிகட்டியைப் போட்டால் பெருக்கியின் பங்கு 45 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கி, விகிதம் 75.3இல் நிற்கும். மூன்று, நான்கு உதிரிகளின் விலை அது. அந்த 200 ஓம் மின்தடைகளுக்குப் பதிலாக 1 கிலோஓம் போட்டிருந்தால் மின்தடைகளின் இரைச்சல் மட்டுமே 8 நானோவோல்ட்டைத் தாண்டியிருக்கும். அதோடு, 1 கிலோஓம் போட்டால் உள்ளீட்டுக் காலில் ஒட்டியிருக்கும் 1 பிக்கோஃபாரட்கூட 320 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் கட்டத்தைப் பின்தள்ளத் தொடங்கும். 200 ஓம்மில் அது 1.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஒதுங்கி நிற்கும். மறுபக்கம், மின்தடை மிகச் சிறியதானால் பெருக்கி அந்தச் சுமையைத் தள்ளியே களைத்து, திரிபைக் கூட்டும். 200 முதல் 500 ஓம் வரை என்ற நடைமுறை எல்லை இந்த இழுபறியிலிருந்து வந்தது.

வடிகட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பு சொன்ன ஏடிசியின் உதை இங்கேயும் இருக்கிறது. வினாடிக்குப் பத்துக் கோடி மாதிரி என்றால் அரைச் சுழற்சி 5 நானோவினாடி. 14 பிட் துல்லியத்துக்கு உதை அடங்க ஏறக்குறைய பத்துக் காலமாறிலிகள் வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் அரை நானோவினாடி, 320 மெகாஹெர்ட்ஸ் அகலம். 40 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியோடு இது ஒத்துப்போகாது. தீர்வு: ஏடிசியின் கால்களுக்குக் குறுக்கே, உதையை விழுங்கும் அளவுக்குப் பெரிய மின்தேக்கியை வைத்து, பெருக்கிக்கும் அதற்கும் இடையே தொடர் மின்தடை வைப்பது. தொடர் மின்தடை இல்லாமல் மின்தேக்கியை நேராகப் பெருக்கியில் கட்டினால் அது ஊசலாடும். இதில் விதிவிலக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

திரிபைப் பொறுத்தவரை டிரான்ஸ்ஃபார்மருக்கு உயர் அதிர்வெண்ணில் இருக்கும் நிம்மதி பெருக்கிக்கு இல்லை. பெருக்கியின் சுத்தம் அதன் பின்னூட்டத்தில் இருக்கிறது. அதிர்வெண் ஏற ஏறப் பின்னூட்டத்தின் பிடி தளர்கிறது. இந்தத் துறையின் பழைய உழைப்பாளியான ஏடி8138இன் பட்டை அகலம் 320 மெகாஹெர்ட்ஸ். 5 மெகாஹெர்ட்ஸில் அதன் திரிபு முதன்மைச் சிக்னலைவிட 94 டெசிபெல் கீழே இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அதில் பத்து டெசிபெல் அளவுக்குக் கரைந்துவிடுகிறது. 320 என்ற எண்ணைப் பார்த்து 100 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்த நினைப்பவர் எதை வாங்குகிறார் என்பது இப்போது புரியும். பட்டை அகலம் என்பது சிக்னல் அரைச் சக்தியாகத் தேயும் இடம்; சுத்தமாக இருக்கும் இடம் அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். ஸ்லூ ரேட்டும் (வெளியீடு ஏறி இறங்கக்கூடிய அதிகபட்ச வேகம்) அப்படித்தான். 20 மெகாஹெர்ட்ஸ், 2 வோல்ட் வீச்சுக்கு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு 126 வோல்ட் ஏறினால் கணக்குக்குப் போதும். அதே சிப்பில் 1150 இருப்பது ஆடம்பரம் அல்ல. பத்து மடங்கு இடைவெளி இருந்தால்தான் திரிபு அடங்கியிருக்கும்.

அப்படியானால் இருப்பதிலேயே வேகமானதைப் போட்டுவிடலாமே? இப்போது எனது கதை. 10 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாத ஒரு சிக்னலுக்கு, கிகாஹெர்ட்ஸ் கணக்கில் வேகமுள்ள ஒரு சிப்பைப் போட்டேன். போர்டு வந்தது, வேலை செய்தது, ஆனால் இரைச்சல் மட்டம் எதிர்பார்த்ததைவிட உயரத்தில். சிப்பைத் தொட்டால் சூடு. 200 மெகாஹெர்ட்ஸ் ஓசிலாஸ்கோப்பில் எல்லாம் அமைதி. இரண்டு நாள் சப்ளையையும் ஏடிசியையும் சந்தேகித்துவிட்டு, ஸ்பெக்ட்ரம் அனலைசரை இரவல் வாங்கிப் பார்த்தபோதுதான் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு மேலே பெருக்கி தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பின்னூட்டத் தடத்தைச் சில மில்லிமீட்டர் சுற்றி இழுத்திருந்தேன். உள்ளீட்டுக் கால்களுக்கு அடியில் கிரவுண்ட் தளத்தை வெட்டி எடுக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அதே இடத்தில் வேகம் குறைந்த சிப்பைப் போட்ட போர்டு முதல் நாளே ஒழுங்காக நடந்தது. வேகமான சிப்புகள் பலவற்றில் வெளியீட்டின் நகல் கால்கள் உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே கொடுக்கப்பட்டிருப்பதன் அர்த்தம் அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னூட்ட மின்தடை இரண்டு கால்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்தக் கால்கள்.

இரண்டு ஆப்-ஆம்ப்

மூன்றாவது வழி, பெட்டியில் ஏற்கெனவே கிடக்கும் இரட்டை ஆப்-ஆம்ப் (ஒற்றை வெளியீடுள்ள பொதுப் பயன்பாட்டுப் பெருக்கி). ஒன்றை நேராக, மற்றதைத் தலைகீழாகக் கட்டினால் இரண்டு வெளியீடுகள் தயார். ஒலி அதிர்வெண்ணில் இது அருமையான வழி. மலிவு, சப்ளையும் வசதிப்படி. வேகம் கூடினால்தான் குட்டு வெளிப்படும். நேராகக் கட்டியதன் இரைச்சல் பெருக்கம் 1, தலைகீழாகக் கட்டியதற்கு 2. 500 மெகாஹெர்ட்ஸ் பெருக்க-அகலம் (பெருக்கத்தையும் பட்டை அகலத்தையும் பெருக்கி வரும் எண்) உள்ள ஆப்-ஆம்ப் என்றால், ஒன்றின் அகலம் 500, மற்றது 250. 20 மெகாஹெர்ட்ஸில் ஒன்று 2.3 டிகிரி பிந்தும், மற்றது 4.6 டிகிரி. அந்த 2.3 டிகிரி வித்தியாசம் இரண்டாம் ஹார்மோனிக் ஒழியாமல் தங்குவதற்குப் போதுமானது. நேர்ப்பக்கத்தின் இரைச்சல் பெருக்கத்தையும் வேண்டுமென்றே 2 ஆக்கி ஒப்பேற்றலாம். அந்தச் சிரமத்துக்குப் பிறகும் பொது மின்னழுத்தத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் புதிதாக வடிவமைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் இந்த வழியிடம் இருக்கும் ஒரு சொத்து வேறுபாட்டுப் பெருக்கியிடம் இல்லை: நேராகக் கட்டிய ஆப்-ஆம்பின் உயர்ந்த உள்ளீட்டு மின்மறுப்பு. வேறுபாட்டுப் பெருக்கியின் உள்ளீடு சில நூறு ஓம். 1 மெகாஓம் கேட்கும் ஓசிலாஸ்கோப் உள்ளீட்டில் அதை நேராகக் கட்ட முடியாது. அங்கே ஃபெட் உள்ளீடு கொண்ட ஆப்-ஆம்ப் ஒன்றை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் வேறுபாட்டுப் பெருக்கியை வைப்பது வழக்கமான ஏற்பாடு. எதிரிகளாகப் பார்த்த இருவரும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

எதற்கு எது

சிற்றலை ரேடியோ ரிசீவர், 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்: டிரான்ஸ்ஃபார்மர். யோசிக்கவே வேண்டாம். ஆன்டெனாவின் கிரவுண்டும் பிரிகிறது, மின்சாரமும் மிச்சம். பலவீனமான சிக்னலுக்குப் பெருக்கம் வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மரை முன்னால் வைத்து, பின்னால் வேறுபாட்டுப் பெருக்கியை வையுங்கள். அப்போது பெருக்கி இரு பக்கமும் சமமாக ஓட்டப்படுவதால் அந்த 267 ஓம் தலைவலியும் இல்லை. 150 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண் என்றாலும் டிரான்ஸ்ஃபார்மர்தான், இரட்டையாக.

துகள் உணரிகளின் துடிப்புகள், லேசர் எதிரொலி, ஓசிலாஸ்கோப்: முழு வேறுபாட்டுப் பெருக்கி. சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸுக்குள் என்றால், 10 மில்லிஆம்பியர் அளவில் ஓடும் டிஎச்எஸ்4541 வகையே போதும் என்பது எனது கணிப்பு. 100 மெகாஹெர்ட்ஸில் சுத்தம் கேட்பவர்களுக்கு எல்டிசி6409 போன்றவை இருக்கின்றன: 10 கிகாஹெர்ட்ஸ் பெருக்க-அகலம், 1.1 நானோவோல்ட் இரைச்சல். அதற்கு விலை 52 மில்லிஆம்பியர் மின்னோட்டமும், தடம் இழுப்பதில் எந்த மன்னிப்பும் இல்லாத போர்டும்.

மீயொலிக் குறைகாணும் கருவிகள்தான் இழுபறியான இடம். 1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல். டிரான்ஸ்ஃபார்மருக்கு வசதியான பட்டை. ஆனால் முதல் அதிர்வின் பெரிய துடிப்பு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு வாலை விட்டுச் செல்லும். மேற்பரப்புக்கு அருகில் உள்ள விரிசலின் எதிரொலி அந்த வாலுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஆழத்தில் மட்டும் தேடுபவருக்கு டிரான்ஸ்ஃபார்மர். தோலுக்கு அடியில் தேடுபவருக்கு, முன்னால் டயோடு கட்டுப்பாடு வைத்து, மிகைச் சிக்னலிலிருந்து சில நானோவினாடிகளில் மீளும் வேறுபாட்டுப் பெருக்கி.

வினாடிக்குப் பத்து லட்சம் மாதிரி எடுக்கும் துல்லிய ஏடிசிகளில், பேட்டரியில் ஓடும் கருவிகளில், வேகம் குறைந்த வேறுபாட்டுப் பெருக்கியே அரசன். ஏடிஏ4940-1 வெறும் 1.25 மில்லிஆம்பியரில் 260 மெகாஹெர்ட்ஸ் தருகிறது. இந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பேச்சுக்கே வராது.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள் போர்டில் இரண்டுக்கும் இடம் விட்டு, சுழிய ஓம் மின்தடைகளால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளப் பார்ப்பார்கள். முதல் மாதிரி போர்டில் நானும் அப்படிச் செய்வதுண்டு. 20 மெகாஹெர்ட்ஸில் குற்றமில்லை. 200 மெகாஹெர்ட்ஸில் மட்டும் செய்யாதீர்கள். உதிரி பொருத்தாத பாதையில் தொங்கும் ஒரு சென்டிமீட்டர் தடமும், காலியான சாலிடர் திட்டுகளும் ஒரு பக்கத்தில் மட்டும் மின்தேக்கத்தைக் கூட்டி, இவ்வளவு நேரம் நாம் காத்துவந்த சமநிலையைக் குலைத்துவிடும்.